இல்லாத கூடத்துக்கு ஒரு கூரை

கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிடலாம். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால்தான் வம்பு. அந்தச் சமூகக்கூடத்துக் கூரைக்கு ஒரு குணம் இருந்தது. வாளியை எங்கே வைக்கிறோமோ அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் சொட்டும். வாளியை நகர்த்தினால் சொட்டும் நகர்ந்துகொள்ளும். எல்லா வாளிகளுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு, கடைசியில் அசந்து தூங்குகிற ஒரு பிள்ளையின் காதுக்குள் போய் இறங்கும்.

பிள்ளை என்றால் ஒன்றிரண்டு அல்ல, கூடம் நிறைய. வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயங்காலம் அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் காப்பகத்தை நடத்துகிறவளை எல்லாரும் காப்பக அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். பெற்ற பிள்ளையை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டுப் போகிறபோது யார் வயதுக் கணக்கு பார்ப்பார்கள்? கூடம் நகர மன்றத்துக்குச் சொந்தம். பாய், தட்டு, தொட்டில், பால் காய்ச்சும் அடுப்பு எல்லாம் அக்காவுக்குச் சொந்தம். ஓட்டை மட்டும் எதிர்க்கட்டடத்தின் உபயம்.

எதிரே ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு அடித்தூண் இறக்கிய நாட்களில் தெருவே குலுங்கியது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் தாமாகவே நடந்துவந்து கீழே குதித்தன. அஸ்திவாரம் அவர்களுக்கு, ஆட்டம் இவர்களுக்கு என்று ஆனதில், கூடத்துக் கூரை குறுக்கும் நெடுக்குமாக வெடித்துப்போனது.

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி, ஒரு மழைநாள் சாயங்காலம் தன் பிள்ளையைத் தூக்கியவள் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, நான் நாளெல்லாம் ஈரத்துணியோட மல்லாடிட்டு வரேன். நீங்களும் எனக்கு ஈரத்துணியையே மடிச்சுக் குடுக்கிறீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இது ஒரு நாள் மழை. மழைக்காலம் வந்துட்டா இவனை இங்க விட முடியாதுக்கா. நான் வேலையை விட்டுட்டு வீட்ல உட்கார வேண்டியதுதான்."

பக்கத்தில் நின்ற மற்ற தாய்மார்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அக்கா அந்தத் தலைகளை எண்ணிப் பார்த்தாள். மழைக்காலத்துக்குள் கூரை சரியாகவில்லையென்றால் காப்பகம் கிடையாது. காப்பகம் கிடையாதென்றால் இத்தனை பேர் வீட்டிலும் ஒரு சம்பளம் கிடையாது. அக்காவின் வீடும் அதில் சேர்த்தி.

வழி எதிர்க்கட்டடத்தின் வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தது. "இந்தக் கட்டடம் உயர உயர உங்கள் வாழ்வும் உயரும். இதைக் கட்டுவோர் உங்கள் பகுதியின் சமூக வசதிகளுக்காக நகர மன்றத்துக்கு உரிய பங்களிப்பைச் செலுத்தியுள்ளனர்." அக்கா அதை இரண்டு முறை படித்தாள். சமூகக்கூடத்தைவிடச் சமூக வசதி வேறு என்ன இருக்க முடியும் என்று நினைத்தாள். ஆபீஸ் வாசலை மிதிக்காதவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

நகர மன்றத்தின் பங்களிப்புப் பிரிவு மேல்மாடியில் இருந்தது. கால் வைத்ததும் உள்ளங்கால் குளிர்ந்தது. மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டி நகரம், பச்சைப் பஞ்சில் மரங்கள், குப்பையே இல்லாத தெருக்கள். அதில் மனிதர்களும் இல்லாததால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பங்களிப்பு அலுவலர் அந்தப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"கூரை ஒழுகுதுங்க."

"யாரோட கூரை?"

"உங்களோடதுதாங்க. சமூகக்கூடம். நான் அதுல காப்பகம் நடத்துறேன்."

அலுவலர் துணியை நாலாக மடித்து வைத்தார். "உட்காருங்க. இந்த நிதி எதுக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். புதுசா கட்டடம் வருது. அதுல புதுசா ஜனங்க வராங்க. அவங்களால புதுசா தேவை வருது. அந்தப் புதுத் தேவைக்குப் புது வசதி. இதுல பழசுக்கு எங்கயாவது இடம் இருக்கா? சொல்லுங்க."

"இல்லைங்க."

"உங்க கூடம் எப்போ கட்டினது?"

"நான் இந்தத் தெருவுக்கு வாழ வர்றதுக்கு முன்னாடியே இருக்குங்க."

"பார்த்தீங்களா, இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. இருக்கிறதுக்கு இந்த நிதியில சல்லிக்காசு செலவழிக்கக் கூடாது. இல்லாததுக்குத்தான்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "கூடம் பழசுதாங்க. ஓட்டை புதுசு."

அலுவலர் நியாயமான மனிதர். அவரும் யோசித்தார். "ஓட்டை புதுசா இருக்கலாம். ஆனா ஓட்டை ஒரு வசதி இல்லையே."

"ஓட்டை விழுந்த இடத்துல கூரை இல்லைங்களே. இல்லாததுக்குத்தானே தர்றீங்க?"

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி அவளை முதல் தடவையாகப் பார்த்தார். "நீங்க முன்னாடி எந்த இலாகாவுல இருந்தீங்க?"

"எதுலயும் இல்லைங்க."

"அதான் இவ்வளவு தெளிவா பேசுறீங்க." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இருக்கிற ஒண்ணுல இல்லாத ஒண்ணுன்னா, அதுக்குப் பேர் பராமரிப்பு. கீழே போங்க."

பராமரிப்புப் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. குழல்விளக்கு எரிவதா அணைவதா என்று முடிவெடுக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. மேலே ஓடிய குழாய் ஒன்று கசிந்து, கட்டுக்காகிதங்களின்மேல் பாசி படிந்திருந்தது. அதற்கு நடுவே பராமரிப்பு அலுவலர் விரித்த குடையை நாற்காலியின் முதுகில் கட்டிவைத்து அதன் கீழே உட்கார்ந்திருந்தார்.

"இதைச் சரிபண்ண மாட்டாங்களா சார்?" என்று அக்கா தன் கதையை மறந்து கேட்டாள்.

"இந்தப் பிரிவைப் பராமரிக்கணும்னா என்கிட்டதான் மனு குடுக்கணும்மா. குடுத்திருக்கேன். பரிசீலனையில வெச்சிருக்கேன்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பல வருடங்களாகவே இல்லை போலிருந்தது. அக்கா சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கூடம் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் நடக்காது. அதை இல்லைன்னு ஆக்கிடுங்க."

"இடிக்கச் சொல்றீங்களா?"

"சேச்சே. இடிக்கிறதுக்கு வேற பிரிவு, அவங்க நிலைமை என்னைவிட மோசம். இல்லைன்னு ஒரு சான்று வாங்கினா போதும். காலி இடம்னு ஆயிடும். காலி இடத்துல புதுசா எது வேணும்னாலும் கட்டலாம்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா இதைக் கணவனிடம் சொன்னாள். அவன் எலக்ட்ரீஷியன். தெருவில் அவனுக்கு ஃபியூஸ் என்று பெயர். அவன் வாயைத் திறந்த இரண்டாவது வாக்கியத்தில் எதிராளியின் வெளிச்சம் போய்விடும் என்பதால் வைத்த பெயர்.

"சான்று வந்துட்டா நீ எங்க போய் வேலை பார்ப்ப?"

"அதே இடத்துலதான்."

"இல்லாத இடத்துக்கு எதுக்குப் பூட்டு? கழட்டிக் குடு, என் சைக்கிளுக்குப் பூட்டு இல்ல."

"விளையாடாதீங்க. வேற வழி இருந்தா சொல்லுங்க."

ஃபியூஸுக்கு வேறு வழி தெரியவில்லை. மேலே ஏறித் தார்பூசிப் பார்த்தவன் அவன்தான். தார் வெயிலில் உருகி ஓட்டை வழியாக இறங்கி ஒரு தொட்டிலைக் கறுப்பாக்கியதுதான் மிச்சம்.

அக்கா சான்றுக்கு மனு கொடுத்ததும், இன்மை உறுதிக் குழு என்று ஒன்று வந்தது. பங்களிப்பு அலுவலர் அதன் தலைவர். கூடவே ஒரு பொறியாளர், ஒரு புகைப்படக்காரர். மூவரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அக்கா "உள்ள வாங்க" என்றாள். யாரும் அசையவில்லை.

"கதவு வழியா வந்தா கதவு இருக்குன்னு ஆயிடும்" என்றார் பொறியாளர். "நாங்க இங்கேயே நின்னு இல்லைன்னு பார்த்துட்டுப் போயிடுறோம்."

புகைப்படக்காரர் கூடம் தெரியாத கோணத்தைத் தேடி நடையாய் நடந்தார். கடைசியில் கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தெருவைப் படம் பிடித்தார். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுகணம் மூவரும் கூடத்துக்குள் இருந்தார்கள்.

"மழைக்கு ஒதுங்குறது வேற, கட்டடத்தைப் பயன்படுத்துறது வேற" என்று தலைவர் தலையைத் துவட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "மரத்தடியில ஒதுங்கினா மரத்தை ஒப்புக்கிட்டதா அர்த்தமா?"

அக்கா தேநீர் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் சுற்றிவந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாண்டு தலைவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. சான்றில் கையெழுத்துப் போட மேசை வேண்டியிருந்தது. பிள்ளைகள் சாப்பிடும் குட்டை மேசையின் முன் மூவரும் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். "மேற்படி இடத்தை நேரில் பார்வையிட்டதில், தரைமட்டத்துக்கு மேல் எவ்விதக் கட்டுமானமும் இல்லை என்று உறுதி செய்யப்படுகிறது" என்று தலைவர் வாசித்துக் காட்டினார். அந்த வேளை பார்த்து மேலேயிருந்து ஒரு சொட்டு, கையெழுத்தின்மேல் சரியாக விழுந்து மையைப் பரப்பியது.

"கூரை ஒழுகுது" என்றார் புகைப்படக்காரர்.

"மழை பெய்யுதுன்னு சொல்லு" என்றார் தலைவர். "வெட்டவெளியில மழை நேராத்தான் விழும்."

அக்காவுக்குச் சந்தோஷம்தான். கூடம் இல்லையென்று ஆகிவிட்டது, இனி கட்டவேண்டியதுதான் பாக்கி. தாய்மார்களிடமும் சொன்னாள். சலவைக்காரி சந்தேகமாகப் பார்த்தாள். "அப்போ இப்போ நாம எங்க நிக்கிறோம்க்கா?"

"அதெல்லாம் கேட்கக் கூடாது" என்றாள் அக்கா. அவளுக்கே ஆபீஸ் வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது.

அடுத்தது தேவைக் கணிப்பு. காலி இடத்தில் என்ன கட்டுவது என்பதை யார் சொல்வது? புதுத் தேவை புதிதாக வருகிறவர்களுக்கு. அவர்களைத்தான் கேட்கவேண்டும். அவர்கள் இன்னும் வரவில்லை, கட்டடமே முடியவில்லை. அதற்காகக் கணிப்பை நிறுத்த முடியுமா? எதிர்க்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாதிரிவீடு ஒன்று அலங்கரித்து வைத்திருந்தார்கள். மேசையில் மெழுகு ஆப்பிள்கள். சுவரில் ஒரு பெரிய புகைப்படம். அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்கள். கணிப்பு அந்தக் குடும்பத்திடம் நடந்தது. அவர்கள் சார்பில் கட்டட நிறுவனத்தின் மேலாளர் பதில் சொன்னார். அக்கா ஓரமாக நின்று பார்த்தாள்.

"இந்தக் குடும்பத்துக்கு என்ன சமூக வசதி தேவைப்படும்?" என்று பங்களிப்பு அலுவலர் கேட்டார்.

மேலாளர் படத்தை ஏறிட்டுப் பார்த்தார். "ஜன்னலைத் திறந்தா எதிர்ல கண்ணை உறுத்தாம ஒரு வெட்டவெளி இருக்கணும் சார். அது இருந்தா வீட்டு விலை நல்லா கூடும்."

"விலைன்னு எழுத வேண்டாம். மனநலம்னு எழுதிக்கிறேன்."

"அப்படியே எழுதுங்க. விலை கூடினா எங்களுக்கு மனநலம்தான்."

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "சார், அவங்க பிள்ளைங்களைப் பார்த்துக்க ஒரு காப்பகம் வேணாமா?"

அலுவலர் படத்தை உன்னிப்பாகப் பார்த்தார். "அம்மா கூடவே நிக்கிறாங்களேம்மா. இதுல தேவை எங்க இருக்கு?"

இப்படியாக வெட்டவெளிப் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. வெட்டவெளி எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை, சான்றோடு தயாராக இருந்தது. அக்கா மேல்மாடிக்கு ஓடினாள்.

"அப்போ கூடம்?"

"எந்தக் கூடம்?" என்றார் அலுவலர்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "இடிச்சிடுவீங்களா?"

"இல்லாததை எப்படிம்மா இடிக்கிறது? அதுக்கு ஒதுக்கீடு கேட்டா என்னைப் பைத்தியம்பாங்க. நீங்க பாட்டுக்கு இருங்க. அங்க நாங்க ஒண்ணுமே செய்யப்போறதில்லை. ஒண்ணும் செய்யாம இருக்கிறதுதான் திட்டமே. ஒரு கல்வெட்டு மட்டும் வைப்போம்."

"ஒண்ணும் செய்யாததுக்குக் கல்வெட்டா?"

"செஞ்சிருந்தா பார்த்தாலே தெரிஞ்சிடும். செய்யலைன்னா கல்வெட்டு வெச்சாத்தானே தெரியும்?"

வீட்டுக்கு வந்து அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஃபியூஸ் அவள் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தான். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

கல்வெட்டுக்கு இடம் குறிக்கப் பொறியாளர் மட்டும் வந்தார். காலி இடத்தின் நட்டநடுவில் வைக்கவேண்டும் என்பது விதி. நாடாவைப் பிடித்து அளந்துகொண்டே வந்தவர், சுவர் குறுக்கிட்ட இடத்தில் நாடாவை ஜன்னல் வழியாக உள்ளே வீசினார். நட்டநடு என்பது இரண்டு தொட்டில்களுக்கு இடையே வந்து விழுந்தது. அங்கே சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்கதான் கல்லு வரும். மேல கூரை வரும்."

வாளி நகர்த்திக்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றாள். "கூரையா?"

"கல்வெட்டுக்கும்மா. திறந்தவெளிக் கல்வெட்டு நனையக் கூடாது." பொறியாளர் கையைத் தட்டிக்கொண்டே விளக்கினார். ஒரு காலத்தில் ஏதோ பாலத்துக்கு வைத்த கல்வெட்டில், கடைசி வரியின் சாயம் மழையில் கரைந்துவிட்டதாம். கடைசி வரிக்கு உரிய உறுப்பினர் மன்றத்தில் தரையில் புரண்டு நியாயம் கேட்டாராம். பாலத்தில் விழுந்த விரிசலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கல்வெட்டு எங்கே வைத்தாலும் மேலே கூரை. கல் மட்டும் நனையாமல் இருந்தால் போதாது, நின்று படிக்கிறவர்களும் நனையக் கூடாது. ஒரு பெயருக்கு ஒரு குடும்பம் நின்று படிக்கும் என்று கணக்கு. குடும்பம் நிற்கும் அகலத்துக்குக் கூரை.

"இப்போ கல்வெட்டுல யார் யாரு?"

"மன்றத் தலைவர், பங்களிப்பு அலுவலர், கட்டட மேலாளர். மூணு கட்டில் அளவுக்குக் கூரை வரும்."

"பேர் கூடினா?"

"கூரையும் கூடும். விதி அப்படித்தான்."

"எத்தனை பேர் வரைக்கும் போடலாம்?"

"அதுக்கு உச்சவரம்பு கிடையாதும்மா. வெச்சா விட்டுப்போனவங்க கையாலயே எனக்கு சாவு."

அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மூலைக்கு மூலை கண்ணால் அளந்தாள். "இங்க சுவரெல்லாம் இருக்கே. கூரையை எப்படிப் போடுவீங்க?"

பொறியாளர் சுவரைப் பார்க்காமல் சுவரைத் தொட்டார். "இங்க ஏதோ தடங்கல் மாதிரி தெரியுது. தடங்கலுக்கு மேல உயரமா இரும்புத் தூண் வெச்சுத் தகடு போட்டுடுவோம்."

சாயங்காலம் அக்கா இதை ஒப்பித்தபோது ஃபியூஸ் ஒரு காகிதத்தில் கூடத்தை வரைந்து, கட்டில் கட்டிலாகப் பிரித்தான்.

"கூடம் முழுக்க மூடணும்னா நிறைய பேர் வேணுமே. இவ்வளவு பேருக்கு நான் எங்க போறது?" என்றாள் அக்கா.

"கல்வெட்டுல பேர் வர ஆசையில்லாதவன் யாருன்னு எண்ணு. சுலபமா முடிஞ்சிடும்."

மறுநாளிலிருந்து அக்கா படியேறினாள். மனு கொடுக்கவில்லை, கெஞ்சவில்லை. மன்ற உறுப்பினர்களின் அறைக்குள் எட்டிப் பார்த்து, "மன்னிச்சிடுங்க, கல்வெட்டுல உங்க பேரைப் பார்க்கலையே, விட்டுட்டாங்களோன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பாள். அவ்வளவுதான். அதற்குமேல் எல்லாம் தானாக நடந்தது. ஓர் உறுப்பினர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் அடுத்த உறுப்பினரின் காதில் விழுந்தது. அவர் கேட்டதை இவர் கேட்டார். குடிநீர்ப் பிரிவு இருக்கும்போது கழிவுநீர்ப் பிரிவு ஏன் இல்லை என்று பிரச்சினை கிளம்பியது. துணைத்தலைவரின் பெயர் தலைவரின் பெயருக்குக் கீழே வந்தால் எழுத்தாவது அதே பருமனில் இருக்கவேண்டும் என்றார்கள். தலைவரின் மச்சான், தான் எந்தப் பதவியிலும் இல்லாததால்தான் நடுநிலையாளர் என்ற தகுதியில் இடம் கேட்பதாக விளக்கினார். மேலாளர் முதலாளியின் பெயரைச் சேர்த்தார். முதலாளி மனைவியின் பெயரைச் சேர்த்தார். மனைவி அண்ணனின் பெயரைச் சேர்த்தார்.

பொறியாளர் ஒவ்வொரு வாரமும் வந்து தூண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி நட்டார். "இன்னும் வடக்குமூலை மிச்சமிருக்கு" என்று அக்கா கணக்குச் சொல்வாள். வடக்குமூலையில்தான் கைக்குழந்தைகளின் தொட்டில்கள் இருந்தன.

வடக்குமூலைக்கு ஆள் தேடி அவள் மாடிப்படிக்கு அடியில் போனாள். பராமரிப்பு அலுவலர் குடைக்குக் கீழே இருந்தார்.

"என் பேரா?" என்றார். "கல்வெட்டுலயா?"

"ஆமாங்க சார்."

"நாங்க எதையும் திறந்துவைக்கிறதில்லையேம்மா. திறந்துவெச்சது மூடாம பார்த்துக்கிறதுதான் எங்க வேலை. அதுக்கு யாரும் ரிப்பன் வெட்டமாட்டாங்க." கொஞ்சநேரம் கசியும் குழாயைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரி நம்பமாட்டா."

"கூட்டிட்டு வந்து காட்டுங்க சார். நனையாம நின்னு படிக்கலாம்."

பிறகு வடக்குமூலையில் தகடு ஏறியது.

திறப்புவிழா நாளில் கல் வந்து சேர்ந்தது. அதைக் கல் என்று சொல்லக் கூடாது, சுவர் என்றுதான் சொல்லவேண்டும். கூடத்தின் நடுவில் நிறுத்தியதும் கூடம் இரண்டு அறையானது. தவழுகிற பிள்ளைகள் ஒரு பக்கம், நடக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம் என்று அக்கா பிரித்துவிட்டாள். ரொம்ப நாளாக அவளுக்கு ஒரு தடுப்பு தேவைப்பட்டது.

நகர மன்றத் தலைவர் மேடையேறினார். மேடை பிள்ளைகளின் குட்டை மேசைகளைச் சேர்த்துப் போட்டது.

"பெரியோர்களே, தாய்மார்களே. இங்கே என்ன இருக்கிறது? சுற்றிப் பாருங்கள். ஒன்றும் இல்லை." சுற்றிப் பார்த்தார்கள். பாய்களும் தொட்டில்களும் கொடியில் காயும் கால்சட்டைகளும் இருந்தன. "ஒன்றும் இல்லாததைக் காப்பாற்றுவது லேசான காரியமா? எனக்கு முன்பிருந்தவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். கட்டிய மறுநாளே வாத்தியார் எங்கே என்று கேட்டீர்கள். மருத்துவமனை கட்டினார்கள். மருந்து எங்கே என்று கேட்டீர்கள். நான் உங்களுக்கு ஒரு வெட்டவெளியைக் கொடுத்திருக்கிறேன். இது வாத்தியார் கேட்காது. மருந்து கேட்காது. என்னை எதுவுமே கேட்காது. மக்கள் பணத்தை இவ்வளவு நிம்மதியாக நான் செலவழித்ததே இல்லை."

கைதட்டல் எழுந்தது. கல்வெட்டில் பெயர் இருந்தவர்கள் தட்டியதே காதைப் பிளந்தது. ஒரு வாண்டு பயந்து அழ, சலவைக்காரி ஓடிவந்து தூக்கிக்கொண்டாள்.

தலைவர் ரிப்பனை வெட்டினார். அதுவரை காத்திருந்ததுபோல மழை கொட்டியது. விருந்தினர் எல்லாரும் கல்வெட்டின் முன் அவரவர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சலவைக்காரி மட்டும் அண்ணாந்து பார்த்தாள். தகட்டின்மேல் மழை முழங்கியது. கீழே பொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பாயில் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பங்களிப்பு அலுவலர் அக்காவை ஓரமாக அழைத்தார். "ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. இன்னிக்கு வரைக்கும் இந்தக் கூரை புதுசு. நாளையிலேர்ந்து இது இருக்கிறது. இருக்கிறதுக்கு எங்ககிட்ட எதுவும் கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டேங்க."

அந்த மழைக்காலம் வாளிகள் இல்லாமல் கழிந்தது. ஒரு பிள்ளைகூடக் காப்பகத்தை விட்டு நிற்கவில்லை. எதிர்க்கட்டடத்தில் குடியேறிய முதல் குடும்பத்து அம்மா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இங்கே சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தபோதே கூடம் தெரிந்ததாம்.

மழை ஓய்ந்ததும் மன்றத்தில் இடமாற்றம் நடந்தது. பழைய பங்களிப்பு அலுவலர் வேறு ஊருக்குப் போனார். புதியவர் பார்வையிட வந்தார். வந்தவர் கதவு வழியாகவே உள்ளே வந்தார். நேரே கல்வெட்டின் முன் போய் நின்றார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலிருந்து கீழே படித்தார். பிறகு அந்தப் பக்கம் போய்ப் பின்புறத்தையும் பார்த்தார்.

"மேல சரியா தெரியலைன்னா நாற்காலி போடட்டுங்களா சார்?" என்றாள் அக்கா.

"வேணாம், வேணாம். சும்மாதான் பார்க்கிறேன்." ஒரு பெயரைச் சாணால் அளந்தார். "முன்னாடி இருந்தவர் பேரு ரொம்பப் பெருசா இருக்கே."

"ஆமாங்க. அவர் கொஞ்சம் இடம் பிடிச்சுக்கிட்டார்." அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தின் பின்பக்கத்தைக் காட்டினாள். "அங்க பின்னாடி, பால் காய்ச்சுற இடம் மட்டும் இன்னும் நனையுதுங்க. ரொம்ப இல்ல. சரியா ஒரு பேர் அளவுக்குத்தான்."

புதிய அலுவலர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரை மட்டும்தான் போடுவாங்களா, இல்ல படிச்ச பட்டத்தையும் சேர்த்துப் போடுவாங்களா?"

"பட்டத்தோட போட்டா நல்லதுங்க சார்" என்றாள் அக்கா. "சாரலும் அடிக்காது."